கட்டி எனக்கு, கைதட்டல் உனக்கு

செவன் ஹில்ஸ்
சிட்னி
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி மயூராவுக்கு,

வெரிபீ வெயிலில் வாடிப்போகாமல் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அத்தான் சுகம், மகள் வினுஷா சுகம். என்னைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் கதைக்கலாமே என்று நினைப்பாய். உன் அத்தான் சிறிக்கு ஸ்பீக்கரில் போடாமல் போன் கதைக்கத் தெரியாது. உன் வீட்டிலும் அதே கூத்துத்தான். மார்பைப் பற்றிய கதையை இரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கும் நடுவில் வைத்துக் கதைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

போன செப்டெம்பரில் பித்தப்பைக் கல் எடுத்தார்கள் என்று உனக்குச் சொன்னது பொய். எடுத்தது இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு வைத்தியமும் முடிந்துவிட்டது. இப்போதைக்குப் பயமில்லை என்கிறார்கள். நீ அழத் தொடங்காதே.

என் எரிச்சல் வேறு. அதே வருடம் மார்ச்சில்தான் அரசாங்கம் இலவசமாக எடுக்கிற மமோகிராமுக்குப் போய் வந்தேன். ஒன்றும் இல்லை, இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று கடிதம் வந்தது. ஓகஸ்டில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பிறகுதான் சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார், என் மார்பு அடர்த்தி கூடியதாம். அப்படிப்பட்டவர்களுக்குப் படம் முழுக்க வெள்ளையாக விழுமாம், கட்டியும் வெள்ளையாம், கண்டுபிடிப்பது கஷ்டமாம். இதை ஏன் முதலே எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லத்தான் வேண்டும் என்று விதி இல்லையாம்.

உனக்கும் ஐம்பத்தொரு வயதாகிவிட்டது. என் கூடப் பிறந்தவள். போய்க் காட்டு. ஆனால் வெளியில் மூச்சு விடாதே. வினுஷாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று வருகிற சம்பந்தமெல்லாம் ஓடிவிடும்.

பித்தப்பைக் கல்லுக்குக் கிடைத்த மரியாதையையும் கேள். கோவிலில் பழக்கமான ஒருத்தி ரஸ்க் பைக்கற்றோடு வந்து, "எண்ணெயைக் குறையுங்கோ" என்று புத்தி சொல்லி, என் கதிரையில் உட்கார்ந்தபடியே தன் முழங்கால் வலியைக் கதைத்துவிட்டுப் போனாள். நான் தலையாட்டிக்கொண்டு கிடந்தேன்.

உன் தோட்டத்துத் தக்காளிப் படம் கண்டேன். உனக்கு மட்டும் எதை நட்டாலும் காய்க்கிறது.

உன் அக்கா,
சிவமணி


வெரிபீ
மெல்பேர்ன்
2 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. வெட்டிய பக்கத்துக் கை வீங்காமல் இருக்கிறதா? நித்திரை வருகிறதா?

உங்கள் கடிதம் கிடைத்து முதல் கிழமை அழுதேன். வினுஷாவைத் தனியாகக் கேட்டு எல்லாம் அறிந்தபின் கோபம். அத்தானுக்குத் தெரியும், வினுஷாவுக்குத் தெரியும், உங்களைக் கதிர் வைத்தியத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போன பக்கத்து வீட்டு லெபனான் அம்மாவுக்கும் தெரியும். கூடப் பிறந்த எனக்கு மட்டும் பித்தப்பைக் கல்! நான் விசரி மாதிரி போனில் உங்களைப் பப்பாசி சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த லெபனான் அம்மாவை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அக்கா. உங்கள் தலைமாட்டில் அவ இருந்திருக்கிறா, நான் இருக்கவில்லை.

இன்னொரு விசயம். இந்த மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர், ஒரு பெண், இங்கே மண்டபத்தில் கூட்டம் வைக்கிறா. மமோகிராம் எடுத்தபின் வருகிற கடிதத்தில் அடர்த்தி எவ்வளவு என்று எழுதத்தான் வேண்டும், அதை விதியாக்க வேண்டும் என்பதற்கு ஆதரவு சேர்க்கிறா. பெண்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லலாமாம். போகலாம் என்று இருக்கிறேன். அது கையில் பட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுவீர்களா?

உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். என் தலையில் அடித்துச் சத்தியம்.

அன்புடன்,
மயூரா


செவன் ஹில்ஸ்
20 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

கை பரவாயில்லை. தோளுக்கு மேலே தூக்கத்தான் முடியவில்லை. நீ மூட்டு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

கேட்டதற்காக எழுதுகிறேன். நாவல் கொட்டை அளவு இருந்தது. தள்ளினால் அசையவில்லை. சோப் கையிலிருந்து விழுந்ததும் தெரியாமல் நின்றேன், சுடுதண்ணீர் முடிந்து பச்சைத்தண்ணீர் வரும் வரை நின்றேன். அத்தானைக் கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. இதை அவருக்குக்கூட நான் சொன்னதில்லை.

கூட்டத்துக்குப் போ, கேட்டுவிட்டு வா. வினுஷாவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வருகிறது. பையன் பெயர் கபிலன், பெற்றோர் உங்கள் பக்கம்தான், மெல்பேர்ன். ஆகவே இன்னும் கவனம்.

நீ போய்க் காட்டினாயா இல்லையா? அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையே.

அக்கா


வெரிபீ
14 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அக்கா, நான் மைக்கில் பேசினேன்! பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் இருக்கிற நான்! பேசி முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த உறுப்பினர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதைப் பாராளுமன்றத்தில் சொல்லப்போகிறேன் என்றா. தமிழ் வானொலியில் இருந்தும் வந்து பதிந்துகொண்டு போனார்கள். அன்றிலிருந்து வாசலில் சாப்பாட்டுச் சட்டிகள் வந்தபடி இருக்கின்றன. புட்டு, மீன் குழம்பு, ஒருத்தி முருங்கையிலைச் சூப்கூட வைத்துத் தந்தா. இவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

உங்கள் பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை. பயப்படாதீர்கள்.

அன்புத் தங்கச்சி,
மயூரா


செவன் ஹில்ஸ்
4 மே 2025

மயூரா,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று வானொலியிலேயே கேட்டுவிட்டேன்.

அத்தானின் சிநேகிதர் அந்தப் பதிவை போனில் அனுப்பியிருந்தார். அத்தான் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். "நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான். இடது பக்கம் கடலை மாதிரி ஒண்டு கையில பட்டது. சுடுதண்ணி முடியுமட்டும் அப்பிடியே நிண்டனான். இவரைக் கூப்பிட எனக்குச் சத்தம் வரேல்லை." உன் குரல். அத்தான் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

கடலை இல்லை, நாவல் கொட்டை. எடுத்ததுதான் எடுத்தாய், சரியாகவாவது எடுத்திருக்கலாம்.

எனக்குப் பொறாமை என்று சொல். ஓம், பொறாமைதான். வெட்டுப்பட்டவள் நான். மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த மெஷினுக்குக் கீழே தனியாகக் கிடந்தவள் நான். எனக்கு ஒரு ரஸ்க் பைக்கற். உனக்குப் புட்டும் மீன் குழம்பும் பாராளுமன்றமும். கட்டி எனக்கு, கைதட்டல் உனக்கா?

புருசனுக்கும் சொல்லாத கதையை உனக்கு எழுதினேன். அதைக் கொண்டுபோய் ஊருக்கெல்லாம் உன்னுடையதென்று விளம்பினாயே.

சிவமணி


வெரிபீ
18 மே 2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கோபம் தணியும் வரை சுகம் கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கை எப்படி?

நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. "என்ர அக்காவுக்கு" என்று தொடங்கத்தான் எழுந்தேன். முன்வரிசையில் பார்த்தால் முழுக்க நம்முடைய ஆட்கள். எனக்கு இருப்பது ஒரே ஓர் அக்கா, செவன் ஹில்ஸில் இருக்கிறா என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் அன்றைக்கே சிட்னி வரை போய்விடும். உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். வாய் திறந்தபோது "எனக்கு" என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது, சொல்லுங்கள்? இவர் கேட்டபோது இவருக்கு மட்டும் உண்மையைச் சொல்லி வாயைக் கட்டிப்போட்டேன்.

ஆனால் பொய்யாகச் சொன்னாலும் வேலை நடக்கிறது. பயத்தில் ஒருநாளும் போகாத பெண்களையெல்லாம் வான் வண்டியில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன். ஆங்கிலம் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறேன். போன கிழமை உங்கள் கபிலனின் தாயும் வந்தா.

நீங்கள் பொறாமை என்று எழுதினீர்கள். நானும் ஒன்றை எழுதுகிறேன். கதிரைக்குப் பின்னால் கதிரை போட்டு என்னைக் கேட்க ஆட்கள் வருவது இதுதான் முதல் தடவை. நம் வீட்டில் யார் வந்தாலும் "சிவமணி எங்கை?" என்றுதான் கேட்பார்கள். உங்களுக்கு அது பழகிப்போனது. எனக்கு இது புதிது.

மன்னிப்பீர்களா?

மயூரா


செவன் ஹில்ஸ்
29 ஜூன் 2025

தங்கச்சிக்கு,

இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. உங்கள் பக்கம் இன்னும் மோசமாக இருக்கும். கம்பளிக் காலுறை போடு.

கபிலன் வீட்டார் வந்து போனார்கள். சம்பந்தம் முற்றாகிவிட்டது, நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதையும் கேள். கபிலனின் தாய் வந்து இருந்ததும் வினுஷாவைப் பற்றிக் கேட்கவில்லை, உன்னைப் பற்றித்தான் தொடங்கினா.

"உங்கட தங்கச்சியைப் போல துணிச்சலான ஆளை நான் காணேல்லை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை எண்ட உடனேயே எனக்கு மனசு ஓம் எண்டு சொல்லிப்போட்டுது."

வலது கையால் மட்டும் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கிறேன். அத்தான் சீலிங்கைப் பார்க்கிறார். அதோடு விட்டாவா? என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்களும் ஒருக்கால் போய்ச் செக் பண்ணுங்கோ. தங்கச்சிக்கு வந்தது உங்களுக்கும் வரலாம், பயப்பிடக் கூடாது" என்றா. எனக்கு! வினுஷா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

ஆட்கள் போனபின் அவளைப் பிடித்து ஏசினேன். அவள் சொல்கிறாள், "அம்மா, கபிலனுக்கு முதல் நாளே நான் சொல்லிட்டன். உங்களுக்குத்தான் எண்டு அவருக்குத் தெரியும். தாயிட்ட சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான், நீங்க அழுவீங்க எண்டு."

அப்படியானால் நான் யாருக்காகப் பித்தப்பைக் கல்லோடு கிடந்தேன், மயூரா? வெளியில் சொல்லியிருந்தால் என் வாசலிலும் சட்டிகள் வந்திருக்கும். என்னைக் கேட்கவும் யாராவது கதிரை போட்டிருப்பார்கள். இதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியாக ஒன்று. ஊர்ப் பெண்களையெல்லாம் வானில் ஏற்றுகிறாய். நீ போய்ப் படம் எடுத்தாயா? நான் கேட்பதும் நீ தாண்டிப்போவதுமாகவே இருக்கிறது.

அக்கா


வெரிபீ
17 ஓகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும், போனில் "எல்லாம் சுகம்" என்று சொல்லிச் சொல்லி வைத்ததற்கும் கோபிக்க வேண்டாம். வினுஷாவின் சம்பந்தம் கேட்டு மனம் நிறைந்தது.

நான் போகவில்லை, அக்கா. ஒரு தடவையும் போகவில்லை.

வானில் போகிற பெண்கள் உள்ளே போகும்போது அவர்களுடைய கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியில் இருப்பேன். "உங்களுக்குத்தான் வேற இடத்தில பார்க்கிறாங்களே" என்பார்கள். ஓம் என்பேன். உள்ளே போனால் முதலில் கேட்கிற கேள்வி, உங்களுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்பது. அதை நானே எத்தனை பேருக்கு மொழிபெயர்த்துக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? எங்கள் டொக்டரும் தமிழர். அவருடைய மனைவி என் பேச்சைக் கேட்டு அழுதவ. ஒக்டோபரில் எனக்கு மேடையில் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குளிக்கும் கதையை அத்தனை இடத்தில் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் என் கை தானாக இடது பக்கம் போகும். இப்போது குளிக்கும்போதும் போகிறது. போன மாதம் ஏதோ தட்டுப்பட்டது போல இருந்தது. அடுத்த நாள் இல்லை. பிறகு இருக்கிறது. உண்மையில் இருக்கிறதா, சொல்லிச் சொல்லி எனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று என் கைக்கே தெரியவில்லை. யாரிடம் காட்ட? இவரிடம் சொன்னால் இவர் பயத்தில் அன்றைக்கே ஊரைக் கூட்டிவிடுவார்.

பயமாக இருக்கிறது, அக்கா.

மயூரா


செவன் ஹில்ஸ்
21 ஓகஸ்ட் 2025

என் தங்கச்சிக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கவில்லை. உன் சுகம் உன் கடிதத்திலேயே இருக்கிறது.

கையில் ஏதாவது பட்டால் வானில் போகிற இடத்துக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே டொக்டரிடம் போக வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போ. இனி அவரிடம் நீ எந்தப் பொய்யும் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் நான் காரியத்தை முடித்துவிட்டேன்.

நேற்றுக் கபிலனின் தாய்க்கு போன் எடுத்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்று நானே ஸ்பீக்கரில் போட்டேன். "சம்பந்தியம்மா, புற்றுநோய் வருத்தம் வந்தது எனக்கு. மயூராவுக்கு ஒண்டும் இல்லை. என்ர பேர் வெளியில வரக் கூடாதெண்டு நான்தான் அவளிட்ட சத்தியம் வாங்கினனான்" என்றேன். அவ இரண்டு தரம் திருப்பிக் கேட்டா. பிறகு, "அப்ப அண்டைக்கு நான் உங்களுக்கெல்லோ புத்தி சொன்னனான்!" என்றா. "ஓம், நல்லாச் சொன்னீங்கள்" என்றேன். அவ சிரித்தாவா அழுதாவா என்று எனக்கு விளங்கவில்லை. அவவின் காதுக்குப் போனால் மெல்பேர்ன் முழுக்கப் போன மாதிரி.

உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். எனக்கு எரிச்சலும் இருந்தது. அந்த வருத்தம் என்னுடையது. அந்தத் தழும்பு என்னுடையது. பயந்துகொண்டு நின்ற அந்தக் குளியலறை என்னுடையது. இத்தனை மாதம் நீ வைத்திருந்தது போதும், அதை எனக்குத் திருப்பித் தா. உனக்கென்று சொந்தமாக ஒன்று வரவும் கூடாது. இந்த ஒரு விசயத்தில் நீ என்னைப் போல இருந்தால் நான் உன்னோடு ஒருநாளும் கதைக்க மாட்டேன்.

போ. போய்க் காட்டிவிட்டு எழுது.

அக்கா


வெரிபீ
12 ஒக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். அத்தானும் வினுஷாவும் சுகமா?

போனில் "ஒன்றும் இல்லை" என்று மட்டும் சொன்னேன், மற்றதைக் கேளுங்கள். டொக்டர் கையால் பார்த்தார், ஸ்கேனுக்கும் அனுப்பினார். இரண்டிலும் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டி என் கை கட்டிய கதைதான். ஆனாலும் மமோகிராமை விடாமல் எடுக்கச் சொன்னார்.

ஊர் என்னை விடவில்லை. பொன்னாடைக் கூட்டத்திலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்கள். முருங்கையிலைச் சூப் தந்தவ வீட்டுக்கே வந்து தன் சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. அந்த உறுப்பினருக்கு நானே கடிதம் எழுதி, நடந்தது என் அக்காவுக்கு என்று சொன்னேன். பதிலுக்கு அவ, உண்மையான ஆளை ஒருநாள் சந்திக்க விரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறா. எனக்கு நெஞ்சு எரிந்தது. மறைக்கவில்லை.

அடுத்த வானில் நான் ஏறியபோது ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கபிலனின் தாய் மட்டும் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினா. உள்ளே போனதும் அந்தக் கேள்வி வந்தது. இல்லை என்றேன். குடும்பத்தில் யாருக்காவது என்று கேட்டார்கள். கதவுக்கு வெளியில் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன், "என்ர அக்காவுக்கு. சிவமணிக்கு."

கடிதம் வந்துவிட்டது. படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது எங்கள் இடத்தில் அடர்த்தியையும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பிரதி வைத்திருக்கிறேன், பாருங்கள். மார்பகம் மிகவும் அடர்த்தியானது, அதனால் படத்தில் சில புற்றுநோய்கள் தெரியாமல் போகலாம், உங்கள் டொக்டரோடு கதையுங்கள் என்று எழுதியிருக்கிறது. அதில் நான் உங்களைப் போலத்தான், அக்கா. இனி ஸ்கேனும் சேர்த்து எடுக்கலாம் என்று டொக்டர் சொல்கிறார்.

உங்கள் மயூரா


செவன் ஹில்ஸ்
26 ஒக்டோபர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வினுஷாவின் கூறைப்புடவைக்குக் கடை கடையாக ஏறி இறங்கி மெரிலேண்ட்ஸ் பக்கம் என் கால் தேய்ந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் நிறம் எடுக்க மாட்டேன், பயப்படாதே.

நீ அனுப்பிய பிரதியைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். எனக்கு அந்த மார்ச்சில் வந்த கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகள்தான். உனக்கு அடர்த்தியைப் பற்றி ஒரு வரி கூடுதல். அந்த வரி எனக்கு வந்திருந்தால் நான் அடுத்த நாளே டொக்டரிடம் போயிருப்பேன். ஸ்கேனில் அப்போதே பிடித்திருக்கலாம். பிடிக்காமலும் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமலே போய்விட்டது, அதுதான் பொறுக்க முடியவில்லை.

அத்தானிடம் காட்டினேன். "தங்கச்சிக்குச் சொல்லியிருக்கினம்தானே, சந்தோசப்படன்" என்றார். சந்தோசம்தான். ஆனால் பொறாமையும் வந்தது, மயூரா. உன் தோட்டத்துக்கும் உன் கைதட்டலுக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்குக் கிட்டவும் வராது. குசினியில் நின்று அழுதேன், கறி அடிப்பிடிக்கும் வரைக்கும் அழுதேன்.

அழுது முடித்தபின் ஒன்று விளங்கியது. உன்னிடம் இருந்த எதைக் கண்டாலும் இது எனக்கு வரவேண்டியது என்று எனக்குத் தோன்றும். உனக்கு அது தெரியும். இந்த வரியைக் கண்டபோதும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உன்னிடமிருந்து அதைப் பறிக்க மட்டும் மனம் வரவில்லை.

அடுத்த ஸ்கேனுக்கு நாள் எடுத்துவிட்டு எழுது. என் வருத்தத்தை நான் எடுத்துக்கொண்டேன். இந்த வரியை நீ வைத்திரு.

உன் அக்கா,
சிவமணி